கருவிப் பெட்டியைப் பூட்டி வைக்காதீர்கள்

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளன்று குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. மாடிப்படி ஏறலாமா, வண்டி ஓட்டலாமா, கருவாடு சேர்க்கலாமா, கடற்காற்று ஆகுமா என்று கேட்டு, ஆகாதவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்கின்றனர். அவ்வாறு எழுதிக்கொள்வது தேவையே. ஆயினும், "இனி இவர் நாள்தோறும் எதைச் செய்ய வேண்டும்?" என்று கேட்போர் மிகச் சிலர். மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் பணியாற்றும் எங்களுக்கு அந்த வினாவே முதன்மையானது.

தூத்துக்குடியில் கைத்தொழில் அறிந்தோர் மிகுதி. துறைமுகத்தில் பளுதூக்கிகளைப் பழுது பார்த்தவர்கள், அனல்மின் நிலையத்தில் குழாய் பொருத்தியவர்கள், தோணிகளுக்கு எஞ்சின் மாட்டியவர்கள், உப்பளங்களில் நீரிறைக்கும் இயந்திரங்களைப் பராமரித்தவர்கள் எனப் பலரும் முப்பது, நாற்பது ஆண்டுகள் இரும்போடும் பித்தளையோடும் வாழ்ந்தவர்கள். இத்தகைய ஒருவருக்குப் பக்கவாதமோ மாரடைப்போ வந்தவுடன், வீட்டில் முதலில் மறைந்துபோவது அவருடைய கருவிப் பெட்டி. ஸ்பானரும் திருப்புளியும் குறடும் பரண்மேல் ஏறிவிடுகின்றன. சில வீடுகளில் எடைக்குப் போடப்பட்டும் விடுகின்றன. "ஐயா, இவர் சும்மா இருந்தாலே எங்களுக்குப் போதும்" என்று இல்லத்தரசியர் எங்களிடம் சொல்வதுண்டு. அன்பினால் சொல்லப்படும் சொல் அது. ஆனால், அந்தச் 'சும்மா இருத்தல்' நோயாளியின் கைக்கும் மனத்திற்கும் நன்மை செய்வதில்லை என்பதே எங்கள் உறுதியான கருத்து. கருவிப் பெட்டியை அவரிடம் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறோம்.

பழைய இரும்பில் பிறக்கும் விளக்கு

திருப்பிக் கொடுத்தபின் அவர் எதைச் செய்வது? பல பதில்கள் உண்டு. நாங்கள் இங்கே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்: பழைய குழாய்கள், வால்வுகள், கப்பிகள், அழுத்தமானிகள், கப்பல் விளக்குக் கூண்டுகள் ஆகியவற்றைக் கொண்டு மேசை விளக்கும் சுவர் விளக்கும் செய்யும் பொழுதுபோக்கு. தொழிற்சாலைப் பாணி விளக்குகள் என்று இவற்றை அழைக்கின்றனர். உணவகங்களிலும் புதிய வீடுகளிலும் இவை இப்போது பரவலாகத் தொங்குகின்றன. ஒரு குழாய்த் துண்டு தண்டாகிறது, எல்போ என்னும் முழங்கை இணைப்பு அதை வளைக்கிறது, பிளாஞ்சு அடித்தளமாகிறது, பழைய வால்வின் கைப்பிடி அழகுக்காக நிற்கிறது, உச்சியில் ஒரு ஹோல்டரும் பல்பும். மரைகளை முறுக்கியே பெரும்பகுதியைச் சேர்த்துவிடலாம் என்பதால் வெல்டிங் தேவைப்படுவதில்லை.

இந்தப் பாணியின் முன்னோடிகள் உண்மையிலேயே தொழிற்கூடத்திற்காகச் செய்யப்பட்டவை. பிரான்சில் 1921ஆம் ஆண்டில் பெர்னார்-ஆல்பன் கிரா என்பவர் அலுவலகங்களுக்கும் பட்டறைகளுக்குமாக மடக்கி நீட்டும் விளக்கொன்றை வடிவமைத்தார். இங்கிலாந்தில் மோட்டார் வாகனங்களின் அதிர்வுதாங்கிகளைப் பற்றி ஆராய்ந்துவந்த பொறியாளர் ஜார்ஜ் கார்வர்டைன், சுருள்வில்களால் சமநிலை பெற்று எந்த நிலையிலும் அப்படியே நிற்கும் விளக்கிற்கு 1932இல் காப்புரிமை பெற்றார். 'ஆங்கிள்பாய்ஸ்' என்று உலகம் அறிந்த அவ்விளக்கிற்கு முன்மாதிரியாக இருந்தது மனிதக் கை. தசைகள் இருபுறமும் இழுத்துப்பிடித்துக் கையை நிறுத்தும் முறையையே சுருள்வில்கள் செய்கின்றன. லியோன் நகரத்து மெக்கானிக் ஜான்-லூயி டொமெக், தம் பட்டறையில் ஒயர்கள் மூட்டுகளில் நைந்துபோவதைக் கண்டு, மூட்டுகளில் ஒயரே செல்லாத விளக்கை 1950இல் உருவாக்கினார். அது இன்றும் விற்பனையில் உள்ளது. இவர்களுள் டொமெக்கின் வரலாறு எம் ஊர் ஃபிட்டர்களுக்கு நெருக்கமாகத் தோன்றக்கூடும். தம் வேலைக்குத் தேவைப்பட்டதைத் தாமே செய்துகொண்டவர் அவர்.

விளக்குச் செய்வது தமிழருக்குப் புதிதுமன்று. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலில் பித்தளைக் குத்துவிளக்கு வார்க்கும் குடும்பங்கள் தலைமுறைகளாக அத்தொழிலில் இருக்கின்றன. அவ்விளக்கு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. வார்ப்புக்கு உலையும் அச்சும் பயிற்சியும் வேண்டும். நாங்கள் சொல்லும் விளக்கிற்கு அவை வேண்டா. ஏற்கெனவே யாரோ வார்த்து, கடைந்து, பயன்படுத்தி முடித்த பொருள்களே போதும்.

அப்பொருள்கள் கிடைப்பதற்கு இவ்வூரைப் போன்ற இடம் அரிது. தோணிகள் வந்துபோகும் பழைய துறைமுகமும், 1974ஆம் ஆண்டு ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகமும், அவற்றைச் சார்ந்த பட்டறைகளும் கழித்துவிடும் உலோகப் பொருள்கள் ஏராளம். அவை சென்று சேரும் கடைக்குத் தமிழ்நாடு முழுவதும் 'காயலான் கடை' என்று பெயர். நம் மாவட்டத்துக் காயல்பட்டினத்தார் இவ்வணிகத்தில் சிறந்திருந்ததால் அப்பெயர் வந்தது என்று சொல்லப்படுகிறது. கப்பல் உடைக்கும் தொழிலுக்குப் பெயர்பெற்ற குஜராத்தின் அலங்கில் கப்பல் விளக்குகளுக்கென்றே கடைகள் உள்ளன. நம் ஊரில் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. ஒரு மாலை நேர நடையில் ஒரு வால்வையும் ஒரு கப்பியையும் தேடிக்கொள்ளலாம். அந்த நடையும் சிகிச்சையின் பகுதியே.

கை என்ன செய்கிறது

மருத்துவர்கள் விளக்குச் செய்வதைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் கையில் இருக்கிறது. கனடாவின் நரம்பு அறுவைச் சிகிச்சை வல்லுநர் வைல்டர் பென்ஃபீல்டும் அவருடைய உடன்பணியாளரும் 1937இல் மூளையின் மேற்புறத்தில் எந்தப் பகுதி எந்த உறுப்பை இயக்குகிறது என்பதை வரைபடமாக வெளியிட்டனர். அதில் முதுகும் வயிறும் சிறு இடத்தையே பெறுகின்றன; கைக்கும் விரல்களுக்கும், முகத்திற்கும் நாவிற்கும் கிடைத்திருப்பது மிகப் பெரிய இடம். விரல் நுனியில் ஒரு மரையாணியைப் பிடித்துத் திருகுவது வெளியே சிறிய வேலை. மூளைக்குள் அது பெரிய வேலை.

பக்கவாதத்திற்குப் பின் கை மீள்வதற்கு உதவுவன எவை என்பதில் மருத்துவ உலகில் இன்று தெளிவு உண்டு. ஒரு பயனுள்ள செயலை, பலமுறை, படிப்படியாகக் கடினப்படுத்திக்கொண்டே செய்ய வேண்டும். பந்தை அமுக்கும் பயிற்சியை நாங்கள் கற்பிக்கிறோம். சில நாள்களில் பெரும்பாலோர் அதைக் கைவிடுகின்றனர். பந்தை நூறு முறை அமுக்கினாலும் முடிவில் அது பந்தாகவே இருக்கிறது. விளக்குச் செய்பவரோ நூறு முறை மரையைத் திருகியதைக் கணக்கிடுவதே இல்லை. குழாயை வலுவற்ற கையால் நிறுத்திப் பிடித்து, வலுவுள்ள கையால் இணைப்பைத் திருகும்போது இரு கைகளும் ஒன்றோடொன்று ஒத்துழைக்கின்றன. சிறிய திருகாணியை எடுக்கும்போது பெருவிரலும் சுட்டுவிரலும் சேரும் நுனிப்பிடி பழகுகிறது. உப்புத்தாளால் தேய்க்கும்போது தோளும் மணிக்கட்டும் அசைகின்றன. எது முதலில், எது பின்னர் என்று திட்டமிடுவது நினைவாற்றலுக்கும் கவனத்திற்கும் பயிற்சி. ஹோல்டரை மாட்டிய பின்னர்தான் குழாய்க்குள் ஒயர் செலுத்தவில்லை என்பது தெரியவந்தால், கழற்றிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். எங்கள் பயிற்சிக் கூடத்தில் இதைவிடச் சிறந்த பாடம் எதுவும் இல்லை.

மனத்தின் பங்கும் சிறிதன்று. பக்கவாதத்திற்குப் பிறகும் மாரடைப்புக்குப் பிறகும் மனச்சோர்வு மிகப் பரவலாகக் காணப்படுகிறது. அது நோயாளியை மருந்து உட்கொள்ளவும் நடக்கவும் விடாமல் தடுப்பதால், உடல் மீட்சியும் தாமதமாகிறது. அறுபது வயது வரை பிறருடைய இயந்திரங்களைச் சரிசெய்தவர், தம் சட்டைப் பித்தானைத் தாமே போட முடியாத நிலையில் என்ன உணர்வார் என்பதைச் சொற்களால் விளக்க வேண்டியதில்லை. தம்மால் செய்யப்பட்ட ஒன்று மேசைமேல் நின்று ஒளி தருவதைக் காணும் மாலையில் அவருக்குக் கிடைப்பதை எந்த மாத்திரையும் தருவதில்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை வேண்டா என்று நாங்கள் கூறவில்லை. தேவைப்படுவோருக்கு அது இன்றியமையாதது. மாத்திரைக்குத் துணையாக ஒரு வேலையும் வேண்டும் என்பதே எங்கள் கூற்று.

வேலூர் காட்டிய வழி

இக்கருத்து எங்களுடைய கண்டுபிடிப்பன்று. இந்தியாவில் தொழில்வழிச் சிகிச்சைக்கான முதற்பள்ளியை, அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இந்நாட்டவராகவே வாழ்ந்த கமலா நிம்ப்கர், 1950இல் மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் தொடங்கினார். பயனுள்ள வேலையே மருந்தாகும் என்பது அத்துறையின் அடிப்படை.

தமிழ்நாட்டில் இதற்கு உயர்ந்த எடுத்துக்காட்டு வேலூரில் உள்ளது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், மருத்துவம் படிப்பதற்கு முன் தச்சும் கொத்தும் முறையாகக் கற்றவர். 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தது, ஆனால் நிமிர்ந்த விரலைக் கொண்டு அம்மனிதர் என்ன செய்வார் என்ற வினா எஞ்சியது. அதற்கு விடையாக 1951இல் 'நவஜீவ நிலையம்' என்னும் சிறு குடியிருப்பு உருவாயிற்று. அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள் அங்கே தங்கித் தச்சுவேலை கற்று, மரப்பொம்மைகள் செய்தனர். கத்தியால் சீராக்கப்பட்ட கைக்கு உயிர் கொடுத்தது பட்டறை.

அந்தப் பட்டறையிலிருந்து மருத்துவ உலகம் மற்றொரு பாடமும் பெற்றது. தொழுநோயாளரின் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று அதுவரை பலரும் நம்பினர். வலியுணர்வு இல்லாத கை, கருவியை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்தும், சூட்டை உணராமல் தொட்டும் காயமடைவதே காரணம் என்பதைப் பிராண்ட் நிறுவினார். தம்மால் திறக்க இயலாத துருப்பிடித்த பூட்டொன்றை ஒரு சிறுவன் வெறுங்கையால் திறந்துவிட்டதையும், பின்னர் பார்த்தபோது அவன் விரல் எலும்பு தெரியுமளவுக்குக் கிழிந்திருந்ததையும் அவர் பதிவு செய்துள்ளார். ஆகையால் கருவிகளின் பிடியை மாற்றினார்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்தபின் கைகளை உற்றுப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்தினார்கள். பட்டறையை மூடிவிடவில்லை. இதுவே நாம் மனத்திற் கொள்ள வேண்டியது. ஆபத்து உண்டு என்று கண்டபின் அவர்கள் வேலையை நிறுத்தாமல், வேலை செய்யும் முறையைத் திருத்தினார்கள்.

வீட்டில் எழும் மறுப்புகள்

குடும்பத்தினர் கூறும் மறுப்புகளை நாங்கள் அறிவோம். "கடையில் சில நூறு ரூபாய்க்கு அழகான விளக்குக் கிடைக்கிறதே" என்பது ஒன்று. கிடைக்கிறது, நாங்கள் விளக்கிற்காக இதைப் பரிந்துரைக்கவில்லை. தாமே உருவாக்கிய பொருளை மனிதர் கூடுதலாக மதிக்கின்றனர் என்பதை 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று சோதனைகள் வழியே காட்டியது. வேலையை முழுமையாக முடித்தவர்களிடமே அம்மதிப்பு காணப்பட்டது; பாதியில் கலைத்தவர்களிடம் காணப்படவில்லை. எனவே முதல் விளக்கு சிறியதாகவும் ஓரிரு வாரங்களில் முடியக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

"மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறான், தகப்பனார் காயலான் கடையில் இரும்பு பொறுக்கினால் ஊர் என்ன சொல்லும்?" என்பது மற்றொன்று. இது மருத்துவ வினா அன்று. எனினும் மருத்துவ விளைவு உடையது. ஊருக்கு அஞ்சி நாற்காலியில் அமர்த்தப்பட்டவரின் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறுவதை நாங்கள் பார்க்கிறோம். செய்த விளக்கைப் பார்த்தபின் ஊர் வேறு விதமாகப் பேசும் என்பதையும் பார்த்திருக்கிறோம்.

"வீடு குப்பையாகிறது" என்பது மூன்றாவது. இதில் நியாயம் உண்டு. ஒரு மேசை, ஒரு பெட்டி, ஒரு நேரம் என்று வரையறுத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. வீட்டின் பெண்களும் இவ்வேலையில் சேரலாம் என்பதையும் சொல்ல விரும்புகிறோம். நோயுற்ற பெண்களுக்குச் சமையலறைக்குத் திரும்புவதைத் தவிர வேறு மீட்சியே இல்லை என்பதுபோல் நம் வீடுகள் நடந்துகொள்கின்றன. மரையைத் திருகுவதற்கு ஆண் பெண் வேறுபாடு இல்லை. பித்தளையைத் துலக்குவதில் அவர்களே வல்லுநர்கள். கடைகளில் விற்கும் அமிலத்தைவிடப் புளியே பாதுகாப்பானது என்பதும் அவர்கள் நெடுங்காலமாக அறிந்தது.

கயிறு பிடிப்பவரின் பொறுப்பு

நான்காவது மறுப்பு ஆபத்தைப் பற்றியது. இதற்கு எம் கடற்கரையே விடை வைத்திருக்கிறது. முத்துக்குளிப்பில் நீருக்குள் இறங்குபவர் ஒருவர். படகில் நின்று கயிறு பிடிப்பவர் ஒருவர். கல்லின் துணையால் ஆழத்திற்குச் சென்றவர் மூச்சு முட்டும் வேளையில் கயிற்றை அசைப்பார். மேலே நிற்பவர் உடனே இழுத்தெடுப்பார். மைத்துனரையே கயிறு பிடிக்க நிறுத்துவர் என்பது இக்கரையில் வழங்கும் பேச்சு. தம் உடன்பிறந்தாளின் வாழ்வு அக்கயிற்றில் இருப்பதால் அவர் கண் அயரமாட்டார் என்று காரணமும் கூறுவர். தூத்துக்குடிக் கரையில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று. ஆனால் அந்த ஏற்பாட்டின் அறிவு இன்றும் பொருந்துவது. கயிறு பிடிப்பவர் குளிப்பவரைக் கடலுக்குள் இறங்கவே விடாதவர் அல்லர். இறங்கவிட்டு, விழிப்போடு நிற்பவர். நோயுற்றவரின் குடும்பம் வகிக்க வேண்டிய இடம் அது. அவ்விடத்தில் நிற்போர் அறிந்திருக்க வேண்டியவற்றைக் கீழே சொல்கிறோம்.

முதலாவது மின்சாரம். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். உலோக உடல் கொண்ட விளக்கில் ஒயர் எங்கேனும் நைந்து உலோகத்தைத் தொட்டால், விளக்கு முழுவதும் மின்சாரம் பாயும். உப்புக்காற்று வீசும் இவ்வூரில் இணைப்புகள் விரைவில் அரிக்கப்படுவதால் இந்த அபாயம் கூடுதல். எனவே நோயாளிகள் 12 வோல்ட் அல்லது அதற்குக் குறைந்த மின்னழுத்தத்தில் எரியும் எல்.இ.டி. பல்புகளையே பயன்படுத்த வேண்டும். சுவரில் செருகும் அடாப்டரை பி.ஐ.எஸ். பதிவு முத்திரையுடன் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். 230 வோல்ட் விளக்கே வேண்டுமெனில், மூன்று இழை ஒயரும், உலோக உடலுடன் இணைந்த எர்த்தும் கட்டாயம். உரிமம் பெற்ற மின்பணியாளர் பார்த்தபின்னரே செருக வேண்டும். எல்.இ.டி.க்கு மற்றொரு நன்மையும் உண்டு. பழைய இழை பல்பு உட்கொள்ளும் மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடும். அதைத் தொட்டால் கை சுடும்.

இரண்டாவது, பழைய பொருள்களில் ஒளிந்திருக்கும் நஞ்சு. பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் வீட்டுப் பயன்பாட்டுக்கான பூச்சுகளில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம். என்று கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. நனைத்துத் தேய்த்து, முகக்கவசம் அணிந்து, கைகழுவிய பின்னரே உணவைத் தொட வேண்டும். சிறு குழந்தைகள் அருகில் இருக்கலாகாது. கப்பல் குழாய்களைச் சுற்றிய பழைய நார்ப்பொதியும் கேஸ்கெட்டும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். அத்தகையவற்றை வாங்கவே வேண்டா. மிகப் பழைய மானிகளில் இருட்டில் ஒளிர்வதற்காக முட்களுக்கும் எண்களுக்கும் ரேடியம் கலந்த பூச்சு பூசப்பட்டதுண்டு; அவற்றைத் திறக்கவோ சுரண்டவோ கூடாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைச் சூடாக்கினாலும் வெல்டிங் செய்தாலும் எழும் புகை காய்ச்சலையும் நெஞ்சு இறுக்கத்தையும் உண்டாக்கும். மரையால் இணைப்பதே போதும் என்று மேலே கூறியதற்கு இதுவும் காரணம்.

மூன்றாவது, அவரவர் நோய்க்கேற்ற எல்லைகள். நீரிழிவு நெடுங்காலம் இருப்பவர்களுக்கு முதலில் பாதங்களிலும் பின்னர் கைகளிலும் உணர்வு குறையும். வேலூரின் பாடம் இவர்களுக்கே மிகவும் பொருந்தும்: மூடிய காலணி அணிந்தே வேலை செய்ய வேண்டும்; சால்டரிங் கருவியைத் தவிர்க்க வேண்டும்; வேலை முடிந்ததும் கைகால்களை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்வோர் கையுறை அணிய வேண்டும்; ரம்ப வேலையைப் பிறரிடம் விடுவது நல்லது. நெஞ்செலும்பைப் பிளந்து இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், மருத்துவர் அனுமதிக்கும் வரை இறுகிய குழாயைப் பைப் ரெஞ்சால் திருகவோ கனமானதைத் தூக்கவோ கூடாது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் வெல்டிங் நடக்கும் இடத்திற்கு அருகில் செல்லும்முன் இதய மருத்துவரிடம் கேட்க வேண்டும். வலிப்பு உள்ளவர்கள் சுழலும் கருவிகளைத் தொடலாகாது. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் தூசி வேலை ஆகாது. அதன் பின்னரும் காப்புக்கண்ணாடி அனைவருக்கும் வேண்டும்.

பட்டியல் நீண்டுவிட்டது. ஆயினும் இது தொடக்கத்தில் நாம் கண்ட பட்டியலிலிருந்து வேறானது. அங்கே ஒவ்வொரு வரியும் ஒரு கதவை மூடியது. இங்கே ஒவ்வொரு வரியும் வேலையைத் தொடர்வதற்காக எழுதப்பட்டது.

எப்படித் தொடங்குவது

ஒரு பிளாஞ்சு, ஒன்றிரண்டு சிறு குழாய்த் துண்டுகள், ஓர் எல்போ, ஒரு ஹோல்டர், ஒரு எல்.இ.டி. பல்பு: முதல் விளக்கிற்கு இவை போதும். முதல் வாரம் பொருள்களைத் தேடவும் கழுவவும் துலக்கவும் ஆகட்டும். இரண்டாம் வாரம் மின்சாரமே இல்லாமல் வெறும் உடலை மட்டும் சேர்த்துப் பார்க்கட்டும். பிடிக்கவில்லையெனில் கழற்றி மாற்றட்டும். அரைமணி நேர வேலைக்குப் பின் ஓய்வு வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் வேலையை அக்கணமே நிறுத்தி மருத்துவமனைக்கு வர வேண்டும். பக்கத்தில் அமர்பவர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும்: திருகாணி கை நழுவி விழும்போது பாய்ந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். அதைக் குனிந்து தேடி எடுப்பதே அன்றைய பயிற்சி. நடுங்கும் கையால் அவர் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும் வேலையை நீங்கள் பத்து நொடியில் முடித்துவிட்டால், விளக்கு உங்களுடையதாகிவிடும்.

விளக்கில் எல்லோருக்கும் ஆர்வம் இருக்காது. வலை பின்னியவர் வலைக்கே திரும்பலாம். பனையோலை முடைந்தவர் ஓலைக்கே திரும்பலாம். தையல் அறிந்தவருக்குத் தையல். எல்லாக் கைகளும் பழைய திறனை முழுவதுமாக மீட்டுவிடும் என்றும் நாங்கள் உறுதி கூற இயலாது. சில விரல்கள் திரும்ப வருவதில்லை. அந்நிலையில், எஞ்சிய விரல்களால் ஒரு முழுப் பொருளைச் செய்ய முடியும் என்று அறிவதே பெரிய மீட்சி.

மருத்துவமனைகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மறுவாழ்வுப் பிரிவுகளில் ஓர் ஓரத்திலாவது வேலைமேசை ஒன்று இருக்க வேண்டும். நோயாளியின் பதிவேட்டில் வயது, எடை, சர்க்கரை அளவு ஆகியவற்றோடு, அவர் கைகள் அறிந்த தொழில் எது என்பதும் எழுதப்பட வேண்டும். அவ்வரி ஒன்றே சிகிச்சையின் போக்கை மாற்றக்கூடும்.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது, மருந்துச் சீட்டோடு வீட்டில் என்ன வேலை நடக்கிறது என்பதையும் எங்களிடம் சொல்லுங்கள். பாதி முடிந்த விளக்காயினும் கொண்டுவாருங்கள். எந்தத் திருகில் கை தடுமாறுகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.